ஏழு சீட்டரும் பதினெட்டு வயசும்

செகண்ட் ஹேண்ட்ல வாங்கின எங்க 2014 மாடல் எஸ்யூவி இனி பொண்ணு கைக்குப் போகுது. லைசென்ஸ் வந்து ஒரு மாசம்தான் ஆச்சு. அவ கேட்டது அலாய் வீல், டச் ஸ்கிரீன். நான் பார்த்தது டயர் பக்கவாட்டுல இருக்கற நாலு நம்பர்: 2316. அதாவது 2016-ல 23-வது வாரம் தயாரிச்சது. பட்டன் தேயவே இல்லை, ஆனா ரப்பர் பூரா வெடிப்பு! நாலையும் மாத்தியாச்சு. பிரேக் ஆயிலும் புதுசு. அது ஈரத்தை இழுத்துக்கும். மலை இறக்கத்துல சூடேறிக் கொதிச்சா பெடல் சும்மா உள்ளே போகும் சாமி.

முன்னாடி ஜம்பமா நின்ன இரும்பு பம்பரையும் கழட்டிட்டேன். ஏர்பேக்தான் மனசை அரிக்குது. டிரைவர் பக்க ஏர்பேக் இங்கே கட்டாயமானதே 2019 ஜூலையிலதான். பழைய வண்டியில பிறகு மாட்டவும் வழியில்லை. அதனால ராத்திரி ஹைவே கிடையாதுன்னுட்டேன். மேடம் ரெண்டு நாளா என்கூடப் பேசறதில்லை.