இரண்டாம் கியரில் கோவைக்கு

ஊட்டிக்காரர்களுக்குக் கேரவன் புதிதல்ல. ஷூட்டிங் நடக்கிற நாளில் ரோட்டோரம் ஜெனரேட்டர் இரைய ஒரு வெள்ளை வண்டி நிற்கும். எந்த நடிகர் இறங்குவாரோ என்று கூட்டம் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு நடிகரைவிட வண்டிமேல்தான் கண். பர்லியாறில் வளர்ந்தவனுக்கு எந்தப் பெரிய வண்டியைப் பார்த்தாலும் முதலில் அதன் நீளம்தான் தெரியும். குன்னூருக்கும் கல்லாறுக்கும் இடையிலுள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் இது எதில் மாட்டும் என்று மனசு தானாகக் கணக்குப் போடும்.

போன பிப்ரவரியில் படப்பிடிப்பு முடிந்து காலியாகக் கோவைக்கு இறங்கிய ஒரு கேரவனில் எனக்கு இடம் கிடைத்தது. டிரைவர் பொள்ளாச்சிக்காரர், ஒரு காலத்தில் என் சித்தப்பாவோடு கேரட் லோடு அடித்தவர். பஸ் சேஸிஸில் பாடி கட்டிய வண்டி. உள்ளே இரண்டு அறை, மேக்கப் கண்ணாடி, கழிவறை, கூரைமேல் ஏசி. கிளம்புவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து விடுதித் தோட்டத்துக்கு விட்டார். "நெறஞ்ச டேங்க்கக்கூட நம்பலாம் தம்பி, அரை டேங்க்க நம்பக்கூடாது" என்றார். வளைவில் வண்டி சாயும்போது அரைத் தொட்டித் தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டிவிடும்.

ஊட்டி–குன்னூர்ச் சாலையைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. வேலிவியூவில் நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் கீழே தெரியும் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். 2009 நவம்பரில் அந்தக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அருவங்காடு, வெலிங்டன் தாண்டிக் குன்னூரில் வழக்கம்போல ரயில்வே கேட் மூடியிருந்தது. மலை ரயில் அதன் போக்கில் கடந்து போகும்வரை பஸ் நிலையமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதற்குக் கீழேதான் எங்கள் ரோடு. காட்டேரி பார்க் தாண்டியதும் டிரைவர் அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இரண்டாம் கியர். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது இந்த மலையின் பழைய சட்டம். சமவெளி டிரைவர்கள் பிரேக்கை நம்பி இறங்குகிறார்கள். காலை எடுக்காமல் மிதித்தே வந்தால் டிரம் சூடேறி லைனர் பிடிக்காது. விட்டுவிட்டு மிதித்தால் டேங்க்கில் காற்று குறையும். ஏறி வருகிறவனுக்கு வழி விட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கேரவனில் இன்னொரு தொல்லை உண்டு. பின் டயருக்குப் பின்னால் பாடி நீட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கம் வளைவில் திரும்பும்போது பின்பக்கம் எதிர்ப்புறமாக வீசும். அதனால் ஒவ்வொரு வளைவிலும் கிளீனர் பையன் குதித்து இறங்கி, மேலே வரும் வண்டிகளை நிறுத்தி, "வரட்டும் வரட்டும், ஒடிச்சு வாங்க" என்று கத்த வேண்டியிருந்தது. ஒரு வளைவில் ஒரே முறையில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்தபோது டயருக்குக் கல் வைத்தான்.

மரப்பாலத்தில் யாரும் எதுவும் பேசவில்லை. 1993-இல் மலை சரிந்து ரோட்டையும் ரயில் பாதையையும் அடித்துக்கொண்டு போன இடம். 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பயணிகளின் பஸ் கவிழ்ந்து ஒன்பது பேர் போனதும் இங்கேதான். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ரோட்டை இன்னும் அகலப்படுத்துங்கள் என்ற குரல் எழும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அகலப்படுத்துவது என்றால் மலைப்பக்கம் வெட்டுவது. வெட்டிய மண் நிற்காது என்று சுவர் எழுப்புவது. சுவர் எழுந்த இடத்தில் ஓடையின் வாய் சுருங்கும், மழைக்காலத்தில் தண்ணீர் ரோட்டில் ஏறும். அகலமான ரோட்டில் வேகம் கூடும், அதைவிட நீளமான பஸ் வரும். பிறகு மறுபடி வெட்டுவோம்.

சுவர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பர்லியாறின் பலாப்பழக் காலம்தான். எங்கள் ஊரை மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் விற்கும் டீக்கடை நிறுத்தமாகத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். துரியன் தின்றால் பிள்ளை பிறக்கும் என்று நம்பி வருகிறவர்களுக்கு அப்பா பழத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, வைத்தியரையும் பார்க்கச் சொல்லி அனுப்புவார். வைகாசி பிறந்து பலா பழுத்துவிட்டால் அந்த வாசத்துக்கு யானைகள் இறங்கும். எத்தனையோ தலைமுறையாக ஒரே தடத்தில் ரோட்டைக் கடந்து, எதிர்ச் சரிவில் ஏறிப் போய்விடும். பஸ்கள் விளக்கை அணைத்து நிற்கும். கால் மணி நேரத்தில் வழி கிடைக்கும்.

ஒரு வருஷம் அந்தத் தடத்துக்குக் குறுக்கே புதிதாகத் தடுப்புச் சுவர் எழும்பியிருந்தது. விடிவதற்கு முன் இரண்டு பெரிய யானைகளும் ஒரு குட்டியும் வந்தன. பெரியவை காலைத் தூக்கி வைத்துப் பார்த்தன; குட்டியால் முடியவில்லை. அதை விட்டுவிட்டு ஏறுமா? மூன்றும் ரோட்டிலேயே கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தன. இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே ஏறிய வண்டிகளில் திருப்பூரிலிருந்து குன்னூர் முகூர்த்தத்துக்குப் போகும் ஒரு வேன். அதன் கூரைமேல் சீர்வரிசையோடு இரண்டு வாழைத்தார். காவலர் எல்லோரையும் கையமர்த்தினார். முன்னால் வந்த யானை வேனருகே நின்று, தும்பிக்கையை நீட்டி, கயிற்றோடு ஒரு தாரை இழுத்தது. உள்ளே ஒரு கிழவி சத்தமாகவே கந்தசஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பித்தாள். பெண்ணின் மாமா மட்டும் ஜன்னல் வழியாக, "பழத்த எடுத்துக்க சாமி, சீலப் பெட்டிய விட்டுரு" என்று கெஞ்சினார். யானை அவர் சொன்னதைக் கேட்டதோ என்னவோ, பெட்டியைத் தொடவில்லை. சுவர் முடிகிற ஓடை வரைக்கும் மூன்றும் வண்டிகளுக்கு நடுவே நடந்துபோய் ஏறின. வேன் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா கடையிலிருந்து ஒரு வாழைத்தார் கொடுத்து அனுப்பினார், பாதி விலைக்கு.

ஊரே சிரித்த கதை அது. ஆனால் அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. ஹில்குரோவ் அருகே ரயில் பாதையோரம் கட்டிய சுவரில் யானைகள் திணறும் வீடியோ 2022-இல் பரவிய பிறகு அதை இடித்தார்கள். ரோட்டோரச் சுவர்களுக்கு வீடியோ எடுக்க ஆளில்லை.

கல்லாறில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. பிரேக் டிரம் ஆற அரை மணி நேரம் நின்றோம்.

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம், உருளைக்கிழங்கு மண்டி. இந்த ஊரைத்தான் மலையின் வாசலாக்க வேண்டும் என்பது என் கட்சி. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நாளொன்றுக்கு வேலை நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. எண்ணுகிறார்கள், சரி. நீளத்தையும் அளக்க வேண்டாமா? வெளியூரின் பெரிய பஸ், கேரவன் எல்லாவற்றையும் இங்கே நிறுத்திவிட்டு, மலை பழகிய டிரைவர்கள் ஓட்டும் குட்டை பஸ்களில் ஆட்களை ஏற்றட்டும். மேலே சுவர் கட்டும் செலவில் கீழே நிறுத்துமிடம் கட்டிவிடலாம்.

காரமடையில் மாசித் தேருக்குப் பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து நகரம் ஆரம்பித்துவிட்டது. ஒரு காலத்தில் இந்தச் சாலை நெடுக நிழல் இருந்தது. அகலப்படுத்துவதற்காக மரங்களை வெட்டினார்கள். அகலமும் போதவில்லை என்பதைத் துடியலூரில் நின்ற நேரத்தில் பார்த்தேன். கவுண்டம்பாளையம் மேம்பாலத்தில் விறுவிறுவென்று ஏறி இறங்கியதும் மறுபடி நெரிசல். இடப்பக்கச் சந்தில் நுழையும் ஸ்கூட்டர்கள் டிரைவர் அண்ணனின் கண்ணாடியில் விழுவதே இல்லை. "மலையில ஒரு பக்கந்தானுங்க பள்ளம்" என்று வியர்வையைத் துடைத்தார். சாய்பாபா காலனியில் ஒரு சந்துக்குள் திரும்பியபோது கேபிள் ஒயர் கூரை ஏசியில் மாட்டியது. கிளீனர் மேலே ஏறி மூங்கிலால் தூக்கிப் பிடித்தான்; வண்டி அடி அடியாக நகர்ந்தது.

மேட்டுப்பாளையம் ரோடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் இறங்கும் நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. மேனேஜர். மே மாதம் அடுத்த ஷெட்யூல், மறுபடியும் ஊட்டி.

"மே மாசம் குன்னூர் வழி ஏத்தி, கோத்தகிரி வழிதானுங்க எறக்குவாங்க. வண்டிய மேட்டுப்பாளையத்துல போட்டுட்டு ஹீரோ சாரக் கார்ல கூட்டிட்டுப் போயிருங்களேன்" என்றார் இவர்.

அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு பேச்சு பேட்டாவுக்குப் போய்விட்டது.