இரண்டாவது உரிமையாளர்

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டி, சட்டப்படி அதில் பறக்கலாம். வேலையில் பெரும்பங்கை விற்பனைக்காக அல்லாமல், கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. கட்டுகிறவர்கள் இதை '51 சதவீத விதி' என்பார்கள். பரிசோதனை முடிந்து 'எக்ஸ்பெரிமென்டல்' சான்றிதழ் கிடைத்த பிறகும், பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறித்த எல்லைக்குள் பயணிகள் இல்லாமல் பறந்து காட்ட வேண்டும். வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இது இணங்கியதல்ல என்ற எச்சரிக்கையைக் காக்பிட்டில் பயணிகள் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும்.

நான் வக்கீல் தொழில் செய்யும் விஸ்கான்சின் மாநிலம் இந்த விமானக்காரர்களின் தாய்வீடு. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கம் 1953-ல் மில்வாக்கியில் தொடங்கியது. ஆண்டுதோறும் கோடையில் ஆஷ்காஷ் நகரில் கூடும் அவர்களின் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்கும்.

என் கட்சிக்காரர் அந்தத் திருவிழாவை ஒரு வருடம்கூட விடாதவர். அச்சு வார்ப்புக் கருவிகள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்றை ரிவெட் ரிவெட்டாக அடித்து முடித்தார். பல வருடம் பறந்தபின், கண்பார்வை மங்கியதும் அதை விற்றார். வாங்கியவர் சில வாரங்களில் சோயா வயல் ஒன்றில் விழுந்து, முதுகெலும்பு உடைந்து பிழைத்தார். இழப்பீடு கேட்டுப் பெரியவர்மீது வழக்குப் போட்டார். விமானத்தை விற்றதோடு காப்பீடும் முடிந்துவிட்டதால், தோற்றால் பெரியவரின் வீடு போய்விடும்.

விபத்து நடந்த விதத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. இடது இறக்கையின் டாங்கில் பெட்ரோல் தீரும் தறுவாயில், விமானி வால்வை வலது டாங்குக்குத் திருப்பப் பார்த்தார். இன்ஜின் நின்றது. மீட்கப்பட்ட வால்வின் கைப்பிடி 'ஆஃப்' நிலையில் இருந்தது.

வரைபடத்தின்படி அந்த வால்வு இரு இருக்கைகளுக்கும் நடுவே தரையில் இருக்க வேண்டும். பெரியவருக்கு வலது தோளில் அறுவை நடந்திருந்தது. கையை அந்தப் பக்கம் தாழ்த்தித் திருப்ப முடியாது. அதனால் இடது பக்கச் சுவரில் தொடையருகே பொருத்தினார். அங்கே குறுக்கே ஒரு உலோகச் சட்டம் இருந்ததால் வால்வைக் கால் சுற்று திருப்பி, குழாய்களை இடம் மாற்றி இணைத்தார். விளைவு, இடதிலிருந்து வலதுக்குப் போகும் வழியில் 'ஆஃப்' வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் கைக்கு அது பழகிப்போன பாதை. எந்த இடத்தில் 'டக்' என்று விழும், எதைத் தாண்ட வேண்டும் என்பது குனிந்து பார்க்காமலே தெரியும்.

எதிர்த்தரப்பு வக்கீல் வலுவான ஆயுதத்தோடு வந்தார். தொழிற்சாலை விமானங்களுக்கு அப்போதிருந்த விதி, டாங்க் மாற்றும்போது வால்வு 'ஆஃப்' நிலையைக் கடக்கவே முடியாதபடி அமைக்க வேண்டும் என்றது. பாடகர் ஜான் டென்வரையும் அவர் துணைக்கழைத்தார். 1997 அக்டோபர் 12 அன்று டென்வர் கலிஃபோர்னியாவில் பசிபிக் குரோவ் கரையோரக் கடலில் விழுந்து இறந்தது, வேறொருவர் கட்டிய லாங்-ஈஸி விமானத்தில். வடிவமைப்பாளர் பர்ட் ருட்டானின் வரைபடத்தில் விமானியின் கால்களுக்கிடையே இருந்த எரிபொருள் வால்வை, கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடம்பை வளைத்தபோது டென்வரின் கால் வலது ரடர் பெடலை அழுத்தியிருக்க வேண்டும் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. டென்வர் எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதையும், அந்த விமானத்தில் போதிய பயிற்சி பெறாததையும், வால்வை அங்கே வைத்த முடிவையும் வாரியம் சேர்த்தே குறிப்பிட்டது. இப்படிப்பட்ட முடிவுரையை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாக வைக்க மத்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. புலனாய்வாளர்கள் திரட்டிய உண்மைகளை வைக்கலாம். எதிர்த்தரப்பின் நிபுணர் அறிக்கையில் முடிவுரை நுழைந்திருந்தது. ஆட்சேபித்து நீக்கவைத்தேன்.

தவறை நிரூபிக்காமலேயே உற்பத்தியாளர்மீது பொறுப்பு சுமத்தும் கோரிக்கையும் நிற்கவில்லை. அந்தக் கோட்பாடு விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு. வாழ்நாளில் ஒரே ஒரு விமானம் கட்டியவர் கம்பெனி அல்ல என்ற என் வாதத்தை நீதிபதி ஏற்றார். இன்றும் அதுவே நியாயம் என்பேன்.

மிஞ்சியது கவனக்குறைவு. இங்கே எங்களுக்கு எதிரான சாட்சி பெரியவரின் சொந்தக் கையெழுத்து. கட்டுகிறவர்கள் தினசரி வேலையைப் புகைப்படத்தோடு எழுதிவைப்பார்கள். பெரும்பங்கு வேலையைத் தாங்களே செய்ததற்கு அது ஆதாரம். பெரியவரின் குறிப்பேட்டில் வால்வை ஏன் நகர்த்தினார், 'ஆஃப்' எங்கே வருகிறது என்பதெல்லாம் முத்து முத்தாக எழுதியிருந்தது. ஆனால் விற்றபோது அந்த நோட்டு அவர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. அது இல்லாமலிருந்தால் வழக்கு எளிதாகியிருக்கும் என்று அவர் மகன் சாடையாகச் சொன்னார். பெரியவர் குறுக்கிட்டு, "எழுதினது நான்தானே, கொடுத்துவிடுங்கள்" என்றார். கொடுத்தோம். அவர்மேல் எனக்கிருந்த மரியாதை அன்று இரட்டிப்பாயிற்று.

வாதி தரப்பிலும் குறை உண்டு. தன்னுடன் இரண்டு நாள் பறந்து பழகிக்கொள்ளும்படி பெரியவர் கூப்பிட்டும் அவர் வரவில்லை. இரண்டாவது உரிமையாளர் விபத்தில் சிக்குவது புதிதல்ல. 2012-ல் வாரியம் வெளியிட்ட ஆய்வு, முந்தைய ஆண்டு விபத்துக்குள்ளான இவ்வகை விமானங்களில் பாதிக்கு மேல் பிறரிடமிருந்து வாங்கப்பட்டவை என்கிறது. அந்த ஆண்டில் நாட்டின் சிறு விமானங்களில் இவை சுமார் 10 சதவீதமாகவே இருந்தன. உயிரிழப்பு விபத்துகளில் 21 சதவீதம். விஸ்கான்சின் சட்டத்தில் வாதியின் தவறு பிரதிவாதியின் தவறைவிட அதிகமென்று ஜூரி கருதினால் ஒரு டாலரும் கிடைக்காது. 51 என்ற எண் இங்கும் வந்து நின்றது. இரு தரப்புக்கும் அந்தச் சூதாட்டம் பயம்.

சமரசப் பேச்சுக்கு உட்கார்ந்தோம். தொகை பற்றி நாங்கள் வக்கீல்கள் இழுபறியில் இருந்தபோது, சக்கர நாற்காலியிலிருந்த வாதி நேராகப் பெரியவரைக் கேட்டார்: "ஏன் அங்கே வைத்தீர்கள்?" தடுக்க வேண்டியது என் கடமை. சமரச மேசையில் பேசுவது கோர்ட்டுக்குப் போகாது என்பதால் விட்டுவிட்டேன். பெரியவர் தாளை இழுத்து அந்தக் குறுக்குச் சட்டத்தையும் வால்வையும் வரைந்தார். தோளைத் தூக்கிக் காட்டினார். வாதி பேனாவை வாங்கி, தன் கை போன பாதையை அதே படத்தில் வரைந்தார். விமானத்தை விற்ற நாளில் நடந்திருக்க வேண்டிய பேச்சு அது. மாலைக்குள் தொகை முடிவாயிற்று. வீடு தப்பியது, சேமிப்பில் பெரும்பகுதி போனது.

வழக்குப் பயத்தால், சொந்தமாகக் கட்டிய விமானத்தை விற்காமல் வெட்டிப்போடச் சொல்லும் வக்கீல்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. நல்ல விமானத்தைக் கொல்வது எனக்குப் பொறுக்காது. இன்று விற்பனை ஒப்பந்தம் எழுத வருகிறவர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். வரைபடத்திலிருந்து விலகிய ஒவ்வொரு இடமும் கட்டியவர் கையால் பட்டியலாக வேண்டும். குறிப்பேடு விமானத்தோடு போக வேண்டும். வாங்குகிறவர் கட்டியவரோடோ அந்த வகை தெரிந்த பயிற்றுநரோடோ பறந்து, தரையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கைப்பிடியையும் தொட்டுக் காட்டிய பிறகே சாவி கைமாற வேண்டும். இதற்கு இணங்காத வாங்குநர் வந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி விற்பவரிடம் சொல்கிறேன்.