மாணவன் கேட்ட வினா

என் ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் ஒருநாள் மருதத்திணை கற்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, கடலோரக் கண்ணாமரம் உப்புநீரில் நின்று தழைக்கிறது, எங்கள் வயல் நெல் உவரேறினால் ஏன் கருகுகிறது?” என்றான். “நெய்தலை மருதத்தோடு மயக்காதே” என்று கூறி அவனை இருத்திவிட்டேன். வகுப்புச் சிரித்தது. அவன் தந்தையாரின் வயல் அவ்வாண்டு உவரேறித் தரிசாய்க் கிடந்ததென்பதைப் பின்னரே அறிந்தேன்.

யான் பயிற்றப்பட்ட தமிழாசிரியனேயன்றி விஞ்ஞானம் கற்றவனல்லன். எனினும் அவ்வினா என்னை விடவில்லை, விடைதேடிப் படிக்கலானேன்.

சென்னையில் 1988 இல் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கண்ணாமரத்தின் பரம்பரையலகு ஒன்றை நெல்லிற் புகுத்தி, அந்நெல் உவரைத் தாங்கியதென 2008 இல் அறிவித்தனர். ஆயினும் பரம்பரையலகு மட்டும் போதாது. அஃது எப்பொழுது, எவ்வுறுப்பில், எவ்வளவு தொழிற்படவேண்டும் என்று கட்டளையிடும் பகுதி அதன் முன்னே அமைந்துள்ளது. விஞ்ஞானிகள் அதனைப் புரோமோட்டர் என்பர். யான் ‘ஏவற்பகுதி’ என்பேன்.

வறட்சியையும் உவரையும் தாங்கச்செய்யும் பரம்பரையலகு ஒன்றை, ஓயாது ஏவும் பகுதியோடு யப்பானிய ஆய்வாளர் இணைத்தபோது, கடுகினச் சிறுசெடி வளர்ச்சி குன்றியது. இடர் வந்தபோது மட்டும் ஏவும் பகுதியோடு இணைத்தபோதோ, செடி நன்கு வளர்ந்தது, இடரையும் தாங்கிற்று. இதனை அவர்கள் 1999 இல் வெளியிட்டனர்.

அத்தகைய பகுதியைப் பிரித்தெடுப்பது எங்ஙனம்? இலையிலிருந்து டி.என்.ஏ. யை எடுத்து, நொதியங்களால் துண்டாக்கி, துண்டுகளின் முனைகளில் நாம் அறிந்த சிறுதொடரொன்றை ஒட்டுவர். ஒருபுறம் அறிந்த பரம்பரையலகு, மறுபுறம் ஒட்டிய தொடர். இவ்விரண்டையும் எல்லையாகக்கொண்டு இடையிலுள்ள அறியாப் பகுதியைப் பன்மடங்கு பெருக்குவர். சிதைந்த ஏட்டிலே தெரிந்த சொல்லைப் பற்றிக்கொண்டு முன்வரியை மீட்பது போன்றது இது. பின்னர், நீலநிறம் தோற்றுவிக்கும் பக்டீரியாப் பரம்பரையலகு ஒன்றின்முன் அதனை இணைத்துச் செடியிற் புகுத்தி, உப்புநீர் ஊற்றுவர். உரிய இரசாயனத்தில் இட்டதும், ஏவல் நிகழ்ந்த இடம் நீலமாகும்.

அத்தகைய நெல் நம் வயல்களை இன்னும் வந்தடையவில்லை. ஆனால் அன்று எழுந்த வினா மயக்கமன்று. உலக ஆய்வுகூடங்கள் எழுப்பும் வினாவே அது. மயங்கியவன் யானே.

இவ்விழாவுக்கு அம்மாணவன் வருவானாயின், யான் அவனுக்குக் கடன்பட்டிருந்த விடை இதுவே.