பின்னாலிருந்து எண்ணுவது

சமையலறைக் காலண்டரில் விலக்கு வந்த தேதிகளைச் சுழித்து வைத்திருக்கிறேன். கடந்த ஆறு இடைவெளிகள்: 27, 31, 29, 34, 28, 30 நாள். எல்லோரும் சொல்லும் அந்த ‘14ஆம் நாள்’ இதில் எங்கே இருக்கிறது?

*

பதினான்கு முன்னாலிருந்து எண்ணும் கணக்கே இல்லையாம். 1920களில் ஜப்பானில் ஒகினோ, ஆஸ்திரியாவில் க்னாவுஸ், இருவரும் தனித்தனியே கண்டது: கருமுட்டை வெளிவருவது அடுத்த விலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால். சுழற்சி நீண்டால் பெரும்பாலும் முன்பாதிதான் நீள்கிறது. 28 நாள்காரிக்கு 14ஆம் நாள், 34 நாள்காரிக்கு 20ஐ ஒட்டி.

சரி, அடுத்த விலக்கு என்றைக்கு என்று யாருக்குத் தெரியும்? சிக்கலே அதுதான்.

*

தொல்காப்பியம், கற்பியல்: பரத்தையிடம் போனவனானாலும், பூப்பிலிருந்து பன்னிரண்டு நாள் தலைவன் மனைவியை விட்டு விலகி இருக்கலாகாது. விலக்கின் மூன்று நாளைக் கழித்து எண்ணிப் பார்த்தேன். 4 முதல் 15 வரை. 28 நாள்காரிக்குக் கச்சிதம். 34 நாள்காரிக்கு, கரு தங்கும் கதவு திறக்கிற நேரத்தில் தலைவன் கிளம்பிவிடுவான்.

*

அந்தக் கதவு ஆறு நாள் திறந்திருக்கும். 1995இல் வெளியான ஆய்வு: அமெரிக்காவின் வட கரோலைனாவில் 221 பெண்கள் தினமும் சிறுநீர் எடுத்துக் கொடுத்தார்கள். வில்காக்ஸ் குழு பார்த்ததில், முட்டை வெளியான நாளிலும் அதற்கு முந்தைய ஐந்து நாளிலும் சேர்ந்திருந்தவர்களுக்கே கரு தங்கியது. மறுநாள் சேர்ந்ததால் யாருக்கும் தங்கவில்லை.

முட்டைக்கு ஆயுள் ஒரே நாள். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும். ஆக, முன்கூட்டியே போய்க் காத்துக் கிடக்க வேண்டியது விந்தணுதான். கல்யாண வீட்டில் “என்னம்மா, விசேஷம் உண்டா?” என்று கேட்பது மட்டும் என்னை.

*

அடையாளங்கள்.

வெள்ளைப்படுதல்: முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இரு விரலுக்கிடையே நூலாக நீளும். செலவில்லாதது, முன்கூட்டியே சொல்வது. உடம்புச் சூடு என்று இதற்காக எத்தனை வருஷம் வெந்தயம் விழுங்கினேன்!

காலை வெப்பநிலை: படுக்கையை விட்டு எழுமுன் பார்க்க வேண்டும். முட்டை வெளியான பிறகு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். ரயில் போனபின் மணியடிக்கிற ஸ்டேஷன். இரண்டு மூன்று மாதம் எழுதி வைத்தால் நம்முடைய போக்கு பிடிபடும், அவ்வளவே.

மருந்துக்கடை ஸ்ட்ரிப்: சிறுநீரில் எல்.எச். ஹார்மோன் ஏறுவதைக் காட்டும். அதிலிருந்து ஒன்றரை நாளுக்குள் முட்டை வெடிக்கும். பிசிஓடி உள்ளவர்களை ஏமாற்றலாம், சிலருக்கு எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருக்கும்.

*

“இன்னைக்குத்தான்” என்று தேதி சொல்லிக் கூப்பிட்டால் அவர் முகம் பரீட்சைக்குப் போகிற பையன் முகமாகிவிடுகிறது. விலக்கு முடிந்ததிலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் என்றிருந்தால் போதும் என்கிறார் டாக்டரம்மா. முட்டை முந்தினாலும் பிந்தினாலும் சிக்கிவிடும். ஸ்ட்ரிப்புக்குச் செலவழிப்பதும் மிச்சம்.

*

சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்கிறார் அத்தை. இருக்கிறேன். விரதத்தில் எனக்கொன்றும் குறையில்லை. ஆனால் “அவருக்கும் ஒரு விந்துப் பரிசோதனை” என்று நான் சொன்னபோது சாப்பாட்டு மேசையில் ரசம் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. எல்லாப் பரிசோதனைகளிலும் எளியது அதுதான். ஊசிகூடக் கிடையாது.

*

மறக்காமல் இருக்க: வயது 35க்குக் கீழே என்றால் ஒரு வருஷம் முயன்று பார்க்கலாம். 35 ஆகிவிட்டால் ஆறு மாதத்தில் டாக்டர். விலக்கு தாறுமாறாக வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போக வேண்டும். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கரு தங்குவதற்கு முன்பிருந்தே.

*

ஜூன் 2. வந்துவிட்டது. பாத்ரூமில் கொஞ்சம் அழுகை. பிறகு பென்சிலை எடுத்துப் பின்னோக்கி எண்ணினேன். பதினான்கு நாள் என்றால் மே 19. டைரியிலும் 18ஆம் தேதிக்கு நேரே ‘நூல்’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே, 12 முதல் 20 வரை ஒரு நீளக் கோடு: ‘அவர் ஓசூர், ஆடிட்.’

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது போதும்.