அப்பா கூட்டிய கோள்கள்

1986ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எங்கள் தில்லி வீட்டிற்கு ஒரு கணினி வந்தது. இங்கிலாந்தில் படிப்பை முடித்துத் திரும்பிய சித்தப்பா, பெங்களூரில் வேலையில் சேருமுன் தம் பி.பி.சி. மைக்ரோ கணினியையும் அதன் பச்சைத் திரையையும் எங்களிடம் விட்டுச் சென்றார். அவ்வகைக் கணினியைப் பள்ளியில் முன்பே கண்டிருந்தேன். 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் அது பல பள்ளிகளுக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆனால், அங்கே என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும்.

சித்தப்பா தந்த ஒலிநாடா ஒன்றில் ‘எலைட்’ என்னும் விளையாட்டு இருந்தது. டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இருவர் கேம்பிரிட்ஜில் மாணவர்களாக இருந்தபோது அதை உருவாக்கினர். 1984இல் அது வெளிவந்தது. அக்காலத்து விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரே போக்குடையவை. மூன்று உயிர், சில புள்ளிகள், பத்து நிமிடத்தில் முடிவு. எலைட்டோ நம் கையில் 100 கிரெடிட் பணத்தையும் ஒரு விண்கலத்தையும் தந்து, லேவ் என்னும் கோளின் அருகே விட்டுவிடும். எங்குச் செல்வது, எவ்வாறு பிழைப்பது என்பதெல்லாம் நம் பாடு.

லேவ் வேளாண்மை மிக்க கோள். அங்கே உணவுப் பொருளை மலிவாக வாங்கித் தொழில் மிக்க சயோன்ஸ் கோளில் விற்கலாம். அங்கிருந்து இயந்திரங்களை வாங்கி வரலாம். வழியில் கொள்ளையர் தாக்குவர். அவர்களினும் கொடியது நிலையத்தின் வாயில். நிலையம் ஓயாது சுழன்றுகொண்டே இருக்கும். அச்சுழற்சிக்கு ஏற்ப நம் கலத்தையும் சுழற்றி, குறுகிய பிளவுக்குள் நுழைய வேண்டும். சற்றுப் பிசகினால் மோதிச் சிதறிவிடும். முதல் வாரம் முழுவதும் நான் சிதறிக்கொண்டே இருந்தேன். நிலையத்திற்குள் சென்றால்தான் நம் நிலையை நாடாவில் பதிந்து வைக்கவும் இயலும்.

அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் கணக்கர். “கண் கெட்டுவிடும்” என்பதற்கு மேல் அவர் அந்த விளையாட்டைப் பற்றி எதுவும் கூறியதில்லை.

ஒரு நாள் இரவு, பல கோள்களைச் சுற்றி, ஈட்டிய பொருளனைத்தையும் கலத்தில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பேராசையால் இடையில் எங்கும் பதிந்து வைக்கவில்லை. நிலையத்தின் வாயில் கண்முன் சுழன்றது. அப்போது மின்சாரம் நின்றுவிட்டது. தில்லிக் கோடையில் அது புதிதன்று. எனினும் நான் விம்மி விம்மி அழுதேன்.

அப்பா மெழுகுவத்தியை ஏற்றி, விசிறியுடன் என்னருகில் அமர்ந்தார். ஆறுதல் கூறுவார் என்று எண்ணினேன். அவரோ, “அதில் எத்தனை கோள்கள் உள்ளன, அம்மா?” என்று கேட்டார்.

“எட்டு மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் 256 கோள்கள்.”

“2048. அத்தனைக்கும் பெயர், விளைபொருள், விலை! ஒரு பேரேடு நிறையுமே. யார் உட்கார்ந்து எழுதினார்கள்?”

ஒருவரும் எழுதவில்லை என்றேன். அந்தக் கணினியின் நினைவகமே 32 கிலோபைட்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைப்போல் நூறு மடங்கு இடம் கொள்ளும். ஆகவே, அவர்கள் மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டனர். மூன்றையும் கூட்டினால் அடுத்த எண் வரும். கடைசி மூன்றைக் கூட்டினால் அதற்கடுத்தது. எண் பெருகி எல்லையைக் கடந்தால் மிகுதி உதிர்ந்துவிடும். அவ்வெண்களே எந்த எழுத்து இணைகள் சேர்ந்து பெயராகும் என்பதையும் முடிவு செய்தன. சித்தப்பா எனக்கு விளக்கியதை அப்படியே ஒப்பித்தேன்.

அப்பா பழைய அலுவலகக் குறிப்பேடு ஒன்றை எடுத்தார். 1, 2, 3 என்று தொடங்கினார். 6, 11, 20, 37, 68 என வளர்ந்தது. அடுத்து 125, நூறு உதிர்ந்து 25 ஆயிற்று. பிறகு 0 கா, 1 வே, 2 பா, 3 மா, 4 ரி, 5 னி, 6 சோ, 7 லை, 8 று, 9 யன் என்று எழுதி, எண்ணுக்கு எழுத்தை வைத்துப் படிக்கச் சொன்னார். வீட்டில் தமிழ் பேசினேனே தவிர, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். 37 என்பது ‘மாலை’. 68 என்பது ‘சோறு’. 25ஐப் படித்ததும் அழுகை மறந்து சிரித்துவிட்டேன். ‘பானி’! தமிழ்க் கோள்களுக்கிடையே இந்தித் தண்ணீர். அப்பா எழுத்துகளை வேண்டுமென்றே அவ்வாறு அமைத்தாரோ என்று பின்னாளில் ஐயுற்றதுண்டு. கேட்கவில்லை.

மின்சாரம் வந்தபின்னும் நாங்கள் எழவில்லை.

மறுநாள் லேவிலிருந்து மீண்டும் தொடங்கினேன். அலுவலகத்திலிருந்து வந்ததும் அப்பா குறிப்பேட்டில் வரவு, செலவு, விலை ஆகியவற்றைப் பதிந்தார். விளையாட்டை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால், நிலையத்தின் வாயிலை நெருங்கும்போதெல்லாம் அவர் தலையும் சற்றே சாய்ந்து சுழலும்.

அடுத்த ஆண்டு சித்தப்பா கணினியை எடுத்துச் சென்றார். குறிப்பேடு என்னிடம் உள்ளது. அன்றிரவு எழுதிய பக்கத்தில் 25க்குப் பின் 30, 23, 78 என்று எண்கள் தொடர்கின்றன. 78க்கு நேரே ‘லைறு’ என்று என் கோணல் எழுத்து. அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில், “லகரம் மொழிக்கு முதலில் வாராது. இக்கோளை நீக்குக.”