கழற்றி வைத்த சீற்

எங்கள் றெஸ்ரோறன்ருக்குத் திங்கட்கிழமை பூட்டு. மற்ற ஆறு நாளும் குசினியில் நின்று கால் வீங்கியவர்கள் ஏழாம் நாள் படுத்துக் கிடப்பதுதான் நியாயம். ஆனால் போன வருடம் மாசி மாதத்திலிருந்து எங்கள் திங்கட்கிழமைகள் ஒரு காருக்குள் போய்விட்டன. என்னோடு நிற்கும் சமையல்கார அண்ணை, ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் கராஜுக்குள் வருடக்கணக்காகத் தூங்கிக் கிடந்த 1963 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றை 700 பவுணுக்கு வாங்கிவிட்டார். இரண்டு கதவுக் கார். எஞ்சின் இறுகவில்லை. தகரம் அங்கங்கே உக்கல். சீற்றுகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எலி குடியிருந்து, குட்டி போட்டு, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டுப் போயிருந்தது.

"உன்ரை ஐயா ஹயர் ஓடின மனிசன்தானே. உனக்குக் கார் வேலை தெரியாமலிருக்குமே?" என்று அண்ணை கேட்டார்.

தெரியாது. ஐயா வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் போனேன். எஞ்சினை அண்ணை எடுத்துக்கொண்டார். சீற் என் தலையில் விழுந்தது.

இந்தக் காரைச் செய்தவரைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். அலெக் இசிகோனிஸ் 1906 இல் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில், பிறந்தவர். 1922 இல் அந்த நகரம் போரில் அகப்பட்டபோது பிரிட்டிஷ்காரர் அவரது குடும்பத்தை மால்ராவுக்கு ஏற்றிப் போனார்கள். தகப்பன் வழியிலேயே முடிந்துபோக, தாயோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் தங்கள் சொத்தென்று கொண்டாடும் இந்தக் காரைக் கீறியது ஊர் விட்டு வந்த ஒரு மனிதன். 1948 இல் வெளிவந்து, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்குக் கிட்ட விற்றது. கடைசி நேரத்தில், அகலம் காணாதென்று, மாதிரிக் காரை நடுவால் நெடுக்காக வெட்டி 4 அங்குலம் அகட்டிப் பார்த்தவர் அவர். பொனற்றின் நடுவில் தட்டையாக ஒரு பட்டி ஓடுவது அதனால்தான். அந்த 4 அங்குலத்தின் அருமை, கையில் அளவுநாடாவோடு அதற்குள் சீற் கொள்ளுமா என்று குனிந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

புதுசாகச் செய்து விற்கிறார்கள். உறை, பஞ்சு, பட்டி எல்லாம் சேர்த்து முன்னும் பின்னும் போட்டால் காரின் விலையை நெருங்கும். பழைய மைனர் சீற்றுகளைத் தேடினால், கிடைப்பவையும் எங்களுடையதைப் போலவே உக்கலாக இருந்தன. மிஞ்சியது பழைய காருடைக்கும் இடம். சேற்றுக்குள் கார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்க, நாமே சாவியைக் கொண்டுபோய் நாமே கழற்றவேண்டும்.

முதல் தடவை பெரிய பிழை விட்டேன். மெத்தென்ற இரண்டு சீற்றைக் கண்டதும் 40 பவுண் கொடுத்துத் தூக்கி வந்துவிட்டேன். வைத்துப் பார்த்தால் அண்ணையின் தலை கூரையில் முட்டுகிறது, ஸ்ரியறிங் தொடையில் இடிக்கிறது. இப்போதைய சீற்றுகள் உயரம். அதைவிட மோசம், அவை ஐந்து கதவுக் காரின் சீற்றுகள். இரண்டு கதவுக் காரில் முன் சீற் முன்னுக்கு மடிந்தால்தான் பின்னுக்கு ஆள் ஏறலாம். இவை மடியா.

பக்கத்து வீட்டு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார். சீற்றின் விலாப்பக்கத்தில் காற்றுப்பை ஒன்று இருந்தது. மஞ்சள் நிறச் செருகி கண்டால் அது வெடிமருந்து உள்ள சாமான், தொடமுதல் பற்றறியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விடவேண்டும் என்றார். நான் வயரை வெட்டி எடுத்து வந்திருந்தேன். அவ்வளவு வெடியிலும் தப்பி வந்தவன், சேற்றுக்குள் ஒரு சீற்றால் போக இருந்தேன் என்று அண்ணை அன்று முழுக்கச் சிரித்தார்.

இரண்டாம் தடவை ஒழுங்காகப் போனேன். உங்களில் யாருக்காவது இந்த விசர் பிடித்தால் உதவும் என்பதால் எழுதுகிறேன். மூன்று கதவுள்ள சின்னக் காரைத் தேடுங்கள், அதன் சீற் மடியும். காற்றுப்பை சீற்றுக்குள் வரமுந்திய பழைய மொடலாகப் பாருங்கள். முதலில் அளக்க வேண்டியது அடித்தண்டவாளத்தின் உயரம். பஞ்சின் சொகுசைப் பிறகு பார்க்கலாம். எனக்கு 35 பவுணுக்கு ஒரு சோடி கிடைத்தது.

பூட்டுவது அடுத்த பாடு. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, தகரமே சட்டகம். கண்டபடி துளைபோட்டு முடுக்கினால் மோதுகிற நேரம் சீற் தகரத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். பேராதனையில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் பொறியியல் படிப்பில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான், ஆனால் பாரத்தைப் பரவவிட வேண்டும் என்பது மறக்கவில்லை. கோண இரும்பில் ஒரு சட்டம் ஒட்டுவித்து, தளத்துக்குக் கீழே மூன்று மில்லிமீற்றர் இரும்புத் தகடு கொடுத்து, உரமான போல்ற் போட்டோம். இந்த நாட்டில் 40 வருடம் தாண்டிய கார், பெரிய மாற்றம் செய்யாவிட்டால், 2018 இலிருந்து வருடாந்தச் சோதனைக்குப் போகத் தேவையில்லை. சோதனை இல்லையென்பதற்காகச் சீற் கழன்று வரக்கூடாதே.

முன் சீற் முடிந்தது. பின் சீற்றில்தான் நான் நின்றுவிட்டேன்.

"இதுக்கும் யார்ட்டிலை ஒண்டு பாரன்" என்றார் அண்ணை. பின்னுக்குப் பொருந்துகிற நீளச் சீற் வேறு காரில் கிடைப்பது அரிது. அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை.

ஐயாவிடம் இருந்தது ஒஸ்ரின் ஏ40 சோமசெற். பொருளாதாரத் தடைக் காலத்தில் காபிறேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடியவர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி பின்னேரம், வலிகாமத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது எனக்கு எட்டு வயது. மழை. ஐயா பின் சீற்றைக் கழற்றி விறாந்தையில் சாத்தி வைத்தார். சீற் இல்லாவிட்டால் கூடச் சனம் ஏறும். நாங்கள் பதினொரு பேர். ஆச்சியை நெல்லுச் சாக்கை மடித்துப் போட்டுத் தளத்தில் இருத்தினோம். நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. கொடிகாமத்தில் இறக்கியபோது ஆச்சியால் நிமிர முடியவில்லை. அந்தத் தை மாதம் அவ முடிந்துபோனா.

1996 இல் திரும்பி வந்தபோது சீற் விறாந்தையில் அதே இடத்தில் இருந்தது. எலி அரித்திருந்தது. குசன் கடையில் கொடுத்துத் தும்பு அடைத்து றெக்சின் போட்டிருக்கலாம். ஐயா போடவில்லை. ஒரு மரவாங்கை அளவாக அறுத்துக் காருக்குள் வைத்தார். ஹயருக்கு ஏறியவர்கள் நாரி நோகுதென்று கத்துவார்கள். ஐயா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். சீற் அதிகம் சொகுசாக இருந்தால் சாரதி தூங்கிவிடுவான் என்ற எண்ணம் இசிகோனிஸுக்கு இருந்ததென்பார்கள். ஐயாவுக்கு அவர் நல்ல கூட்டாளியாக இருந்திருப்பார். அந்த வாங்கை ஐயா தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் செத்தபோது போகவும் முடியவில்லை. என்னுடைய பயணப் புத்தகத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாட்டுக்கும் போகலாம் என்றிருக்கிறது.

மைனரின் பின் சீற்றை நானே செய்தேன். துருவை உரஞ்சி, உடைந்த சுருள்களைக் கம்பியால் கட்டினேன். சுருளுக்குமேல் பஞ்சு நேரே கிடந்தால் அறுத்துவிடும், இடையில் சணல் துணி வேண்டும். கடையில் பாஸ்மதி வந்த சாக்குகள் கிடந்தன, அவற்றைப் பிரித்துத் தைத்தேன். பஞ்சுக் கட்டையை வெட்டக் குசினியின் நீளக் கத்தி போதுமாயிருந்தது. மேலே கறுப்பு றெக்சின். மொத்தம் 60 பவுண் முடியவில்லை.

பூட்டிய அன்று அண்ணை காரைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டினார். நான் பின்னுக்கு இருந்தேன். இரவு அம்மாவுக்குப் போன் எடுத்து, சாக்கைப் போட்டுச் சீற் செய்த கதையைச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"ஐயா ஏனம்மா பின் சீற்றைத் திருப்பிப் போடேல்லை? ஆச்சியைச் சாக்கிலை இருத்தினதை நினைச்சோ?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சீற்றைக் கழட்டச் சொன்னதே ஆச்சிதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சியும் ஏறட்டும் எண்டு. கொய்யா மாட்டனெண்டுதான் நிண்டவர்."

"அப்ப அந்த வாங்கு?"

"அது ஆச்சியின்ரை வாங்கெல்லோ. விறாந்தையிலை அவ இருக்கிற வாங்கு. திரும்பி வரேக்கை வீட்டிலை கதவு நிலையும் இல்லை, அது மட்டும் கிடந்தது. அதைத்தான் அறுத்துப் போட்டவர்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"காரை வித்துப்போட்டம். வாங்கைக் குடுக்கேல்லை. இப்பவும் விறாந்தையிலைதான் கிடக்கு. நீ வந்தால் இருக்கலாம்" என்றா அம்மா.