துவர்ப்பு

பரோலோ என்ற இத்தாலியத் திராட்சை மதுவை முதன்முதலாக வாயில் வைத்தபோது ஏமாந்துதான் போனேன். டூரினிலிருந்து விடுமுறையில் வந்த நண்பர் ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தார். வாடிய ரோஜாவும் தாரும் கலந்தாற்போல் வாசனை. மூக்கு சொன்னதை நாக்கு ஒப்பவில்லை. பழுக்காத நாவற்பழத்தைக் கடித்த மாதிரி ஈறுகள் இறுகிக் கொண்டன. தொட்டுக்கொள்ள மிளகாய் பஜ்ஜி வேறு; எரிச்சல் இரட்டித்தது. "அந்த ஊர்ல இதைச் சாப்பாட்டோடதான் குடிப்பாங்க, நாமதான் தப்புப் பண்றோம்" என்றார் நண்பர்.

தப்புதான். நெபியோலோ திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் அதிகம். எச்சிலில் உள்ள புரதங்களை அது பற்றித் திரள வைக்கிறது. வாயின் வழவழப்புப் போய் வறட்சி ஏற்படுகிறது. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணினாலும் அது பாதிக்குமேல் ஸ்பரிசம்தான். (தோல் பதனிடும் இடத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்வது இதே காரியம்.) பீட்மாண்ட்காரர்கள் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைத்து பிராஸாட்டோ செய்கிறார்கள். முட்டையின் மஞ்சள் கருவைத் தாராளமாகச் சேர்த்துப் பிசைந்த தாயரின் இழைகளில் வெண்ணெய் விட்டு, மேலே ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிளைச் சீவிப் போடுவது இன்னொன்று. நாள்பட்ட பாலாடைக்கட்டியும் உண்டு. பற்றிக் கொள்ள இவற்றின் புரதமும் கொழுப்பும் கிடைத்துவிடுவதால் டானின் வாயை விட்டுவிடுகிறது. மது இளகுகிறது, கொழுப்பின் திகட்டலும் போய்விடுகிறது.

மதுவையே இளக வைத்துவிடுவது மற்றொரு வழி. பழைய முறையில் தோலை ஒரு மாதம், அதற்கு மேலும்கூட, சாற்றில் ஊறவிட்டுப் பெரிய மரப்பீப்பாய்களில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். குடிக்கப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். 1983ல் எலியோ அல்த்தாரே தன் தகப்பனாரின் பழைய பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். சில நாட்களே ஊறல், 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய், சீக்கிரம் குடிக்கத் தக்க மது என்பது அவர் கட்சி. தகப்பனார் சொத்தில்லை என்று சொல்லிவிட்டார். எதிர் முகாமில் இருந்த பார்த்தோலோ மஸ்காரெல்லோ 2005ல் சாகும்வரை சின்னப் பீப்பாயை ஏற்கவேயில்லை. பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் கையாலேயே லேபிள் வரைந்தார். அங்கேயும் நவீனர், மரபினர் என்றே இரு தரப்புக்கும் பெயர். படித்த உடனே, நம் பழக்கப்படி, நவீனர் பக்கம் சேர்ந்து கொண்டேன். பிறகுதான் உறைத்தது. இங்கே இனிமையை மரபினரிடம் விட்டுவிட்டுக் கடினத்தை நாம் கொண்டாடுகிறோம். அங்கே நவீனம் என்பதே மென்மையாக்குவதாக இருந்திருக்கிறது.

அதே ஆல்பாவில் ஒரு மது நிறுவனத்தில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக் கொண்டிருந்த குமாஸ்தா பெப்பே ஃபெனோலியோ. 1963ல், 40 வயதில், இறந்து போனார். அவருடைய 'லா மலோரா' (1954) லாங்கே குன்றுகளின் ஏழைக் குடியானவர்களைப் பற்றியது. அதில் பிராஸாட்டோ கிடையாது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே நூலில் ஓர் உப்பு நெத்திலி தொங்கும். ஆளாளுக்குத் தம் மக்காச்சோளக் களியை அதில் தேய்த்துக் கொண்டு தின்ன வேண்டும். அந்தப் புத்தகத்தின் அட்டை மடிப்பில், வரிசையின் பதிப்பாசிரியரான எலியோ விட்டோரினியே தயக்கங்களை எழுதி வைத்தார். ஃபெனோலியோ மனம் நொந்து போனார்.

அப்படி ஒரு மடிப்பை நானும் எழுதியிருக்கிறேன், வாயால். மூன்று வருஷங்களுக்கு முன் கவிஞர் ஒருவர் தகப்பனாரின் சாவு பற்றிய கவிதையைக் காட்டினார். கடைசி ஆறு வரிகள் தொண்டையில் இறங்கவில்லை. "இதை எடுத்துட்டீங்கன்னா நல்லா ஓடும்" என்றேன். எடுத்துவிட்டார். பிரசுரமானபோது பாராட்டவும் செய்தேன். மறுநாள், பாட்டிலில் மிச்சமிருந்ததை, உப்பு மட்டும் போட்டு வேகவைத்த ஆட்டுக்கறியோடு குடித்துக் கொண்டிருந்தபோது அந்த ஆறு வரிகள் ஞாபகத்துக்கு வந்தன. வரிகள் அல்ல, அவை இருந்த இடம். பழைய பிரதி இருந்தால் அனுப்பும்படி எழுதினேன். வைத்துக் கொள்ளவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.